டெல்டாவில் தொற்றுநோய் ஆராய்ச்சி: வயல் வரப்பிலிருந்து சைட்டேஷன் கணக்கு வரை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் மருத்துவக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்துகொண்டு தொற்றுநோய் ஆராய்ச்சியில் கால் ஊன்ற நினைக்கும் மைக்ரோபயாலஜிக்காரர்களுக்கும், சமூக மருத்துவத் துறையினருக்கும், விலங்கியல் படித்துப் பூச்சியியலுக்கு வந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி. பதவி உயர்வு, பி.எச்டி. கைடு தகுதி, ஆராய்ச்சி நிதி என எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் 'மொத்த சைட்டேஷன்', 'ஹெச்-இண்டெக்ஸ்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சைட்டேஷன் என்றால் உங்கள் பேப்பரை மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை; ஹெச்-இண்டெக்ஸ் அதிலிருந்து கணக்கிடும் ஓர் எண், கணக்கு பின்னால் வருகிறது. அந்த எண்கள் வேலை முடிந்த பிறகு பின்னால் வந்து சேர வேண்டியவை. அவற்றை முதலில் துரத்தப் போனால், போலி ஜர்னலுக்குப் பணம் கட்டுவதில் போய்த்தான் நிற்கும். அதனால் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

எந்தக் கேள்வியை எடுப்பது

டெல்டாவில் கேள்விக்குப் பஞ்சமில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி எங்காவது ஒரு வயலில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரில்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கடத்தும் க்யூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ், க்யூலெக்ஸ் விஷ்ணுய் கொசுக்கள் பெருகுகின்றன. வரப்பு வளையில் எலி இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கி நடவு செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. கும்பகோணத்தில் யானைக்கால் பல தலைமுறை கண்ட நோய். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் இருந்தும், 'தஞ்சாவூர் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பாதிப்பு' என்ற அளவில் நின்றுவிடும் பேப்பர்கள் அதிகம். அந்தக் கேள்விக்கான பதில் இந்த மாவட்டத்துக்கு மட்டும்தான் உதவும். அதே எலிக்காய்ச்சலை 'நடவு முடிந்து எத்தனை வாரத்தில் காய்ச்சல் நோயாளிகள் கூடுகிறார்கள்? எந்த வேலை செய்கிறவர்களுக்கு அதிகம்? முழங்கால் பூட்ஸ் போட்டால் குறைகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். மீகாங் டெல்டாவிலும் வங்கதேசத்திலும் நெல்வயல் நோய்களைப் பார்க்கிறவர்களுக்கும் அந்தப் பதில் தேவைப்படும். வேறு ஊரில் ஒருவர் தன் வேலையைத் தொடர உங்கள் எண் தேவைப்பட வேண்டும். சைட்டேஷன் பிறப்பது அந்தத் தேவையிலிருந்துதான்.

வயலுக்கே போகாமல் ஆய்வகத்துக்குள்ளேயே தொடங்கக்கூடிய கேள்விக்கு மெலியாய்டோசிஸ் நல்ல உதாரணம். அந்த நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை மண்ணிலும் நெல்வயல் நீரிலும் வாழும் பாக்டீரியா. சர்க்கரை நோயாளிகளைக் குறிவைத்துத் தாக்குகிறது. நெல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் இந்தப் பகுதியில் அதைத் தேடாமல் இருப்பதுதான் வியப்பு. பல ஆய்வகங்களில் இது 'சூடோமோனாஸ் இனம்' என்று எழுதப்பட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஆக்சிடேஸ் பாசிட்டிவாக இருந்து, ஜென்டாமைசின், கொலிஸ்டின் இரண்டுக்கும் அடங்காமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மட்டும் அடங்குகிற கிராம் நெகட்டிவ் பேசில்லஸ் கிடைத்தால், அதைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்து பி.சி.ஆர். உறுதிப்படுத்தலுக்கு அனுப்புங்கள். சந்தேகம் வந்த நொடியிலிருந்து அந்தத் தட்டைப் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும். முகர்ந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

கேள்வியை முடிவு செய்யும் முன் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் நோயின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தஞ்சாவூரை 'டான்ஜோர்' என்றும், திருச்சிராப்பள்ளியை 'ட்ரிச்சி', 'டிரிச்சினோபொலி' என்றும், மயிலாடுதுறையை 'மாயவரம்', 'மாயூரம்' என்றும் போட்டுப் பார்த்தால்தான் பழைய கட்டுரைகள் அகப்படும். பழைய மாவட்டக் கணக்குகளை எடுக்கும்போது கவனம்: 1991-இல் நாகப்பட்டினமும், அதிலிருந்து 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. 1985-ஆம் ஆண்டின் 'தஞ்சாவூர் மாவட்ட' நோயாளிகளை இன்றைய தஞ்சாவூர் மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் தாறுமாறாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல ரிவ்யூவர் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு நோயை எடுத்தால் குறைந்தது 5 ஆண்டுகள் அதிலேயே நில்லுங்கள். இந்த ஆண்டு டெங்கு, அடுத்த ஆண்டு காசநோய், அதற்கடுத்து பூஞ்சை என்று தாவினால் எந்தத் துறையும் உங்களை அடையாளம் காணாது.

அடிப்படைப் பயிற்சி

சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எப்படியும் முடித்தாக வேண்டியவை. கொசு, உண்ணி, பூச்சி பக்கம் போகிறவர்களுக்குப் புதுச்சேரி நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1975-இல் தொடங்கிய இந்த மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. உண்டு. முழுநேர பி.எச்டி.க்கு வருகிறவர்கள் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தேர்வு எழுதிவிட்டு வருவது நல்லது. 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கிறது. உதவித்தொகை இல்லாமல் 5 ஆண்டு களப்பணி செய்வது பெரும்பாலும் நடுவழியில்தான் நின்றுபோகும்.

களத்தில் எங்கே வேலை கெடுகிறது

முதலில் மாதிரி அளவு. வழிகாட்டியைக் கேட்டால் 'நூறு பேர் போதும்' என்பார், போதாது. நோய் எதிர்ப்பொருள் விகிதம் 20 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், கூடக்குறைய 5 சதவீதத்துக்குள் பிடிக்க வேண்டும் என்றால் கணக்கு இப்படி: 1.96-இன் வர்க்கத்தை 0.2-ஆலும் 0.8-ஆலும் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 246. ஆனால் நீங்கள் தனி ஆட்களைக் குலுக்கி எடுக்கப் போவதில்லை, ஊர் ஊராகத்தான் போவீர்கள். ஒரே ஊரில் ஒரே வாய்க்காலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே மாதிரி தொற்று இருக்கும் என்பதால் கிளஸ்டர் திருத்தமாக 2-ஆல் பெருக்க வேண்டும்: 492. பத்தில் ஒருவர் ரத்தம் கொடுக்க மறுப்பார் என்று வைத்து 0.9-ஆல் வகுத்தால் 547. இந்தக் கணக்கை ஆய்வுத் திட்டத்திலும் பேப்பரிலும் முழுதாக எழுதுங்கள்.

நேரம் அடுத்தது. நடவுக் காலத்தில் பெண்கள் விடியும் முன்னே வயலுக்குப் போய்விடுவார்கள். காலை 10 மணிக்கு ஊருக்குள் போனால் வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும்தான் இருப்பார்கள். யாருக்கு நோய் அதிகமோ அவர்களே மாதிரியில் இருக்க மாட்டார்கள். நடவு மேஸ்திரியிடம் முன்னாலேயே பேசி, வேலை முடிந்து கரையேறும் இடத்தில் முகாம் போடுங்கள்.

யானைக்கால் நுண்புழுவுக்கு ரத்தப் பூச்சு எடுப்பதென்றால் இரவு 8.30-க்கு மேல்தான், நம் ஊரில் உள்ள உசெரீரியா பாங்கிராஃப்டியின் நுண்புழு இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் புழுவின் ஆன்டிஜனைத் தேடும் சோதனைப் பட்டை போட்டால் பகலிலும் எடுக்கலாம். 75 மைக்ரோலிட்டர் ரத்தம், சரியாக 10-ஆவது நிமிடத்தில் படிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது பட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் படித்தால் இல்லாத கோடெல்லாம் தெரியும். பொய்ப் பாசிட்டிவ் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் போட்ட நேரத்தை எழுதி, ஒருவருக்குப் பத்துப் பட்டைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எலிக்காய்ச்சலில் காய்ச்சல் வந்த முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன் எடுத்த ரத்தத்தில்தான் பி.சி.ஆர். பலன் தரும். எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா சோதனை அந்த நாட்களில் நெகட்டிவாகவே இருக்கலாம். எதிர்ப்பொருளின் அளவைக் காணும் எம்.ஏ.டி. சோதனைக்கு இரண்டு முறை ரத்தம் வேண்டும், இடையில் 10 முதல் 14 நாள்; நான்கு மடங்கு உயர்வு இருந்தால்தான் உறுதி. இரண்டாவது மாதிரிக்கு நோயாளி திரும்பி வரமாட்டார், நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பயணச் செலவை நிதி விண்ணப்பத்திலேயே போட்டுவிடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் உயிருள்ள வகைகளை வைத்து எம்.ஏ.டி. நடத்துவது சின்ன ஆய்வகத்துக்குக் கட்டுபடியாகாது. போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மையம் இந்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம், அவர்களோடு முன்கூட்டியே எழுதிப் பேசி வையுங்கள். சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு எலைசா செய்கிறவர்கள் எந்த ஓ.டி. (நிறச் செறிவு) அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று வைத்தீர்கள், அதை உள்ளூர் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் சரிபார்த்தீர்களா என்று எழுதாவிட்டால் அந்தப் பேப்பரை மற்றவர்கள் கணக்கில் சேர்க்கவே முடியாது.

எலி பிடிப்பதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே கைக்கு எட்டுவது தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலில் வில்போல வளைத்துச் செய்த அந்தப் பொறி எலியின் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிடும். இரவு 11 மணிக்கு மாட்டிய எலி காலை 6 மணிக்குக் கையில் கிடைக்கும்போது சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கும். அந்தத் திசு பி.சி.ஆருக்கு உதவும், வளர்ப்பு ஊடகத்தில் போட்டால் மற்ற கிருமிகள்தான் முளைக்கும். லெப்டோஸ்பைராவை உயிரோடு பிரிக்க வேண்டுமானால் கூண்டுப் பொறிதான் வைக்க வேண்டும். இ.எம்.ஜே.ஹெச். ஊடகத்தில் 28 முதல் 30 டிகிரியில் வாரக்கணக்கில், சில நேரம் மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும். வயல் எலியானாலும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பிடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் எந்த நல்ல ஜர்னலும் எடுத்துக்கொள்ளாது.

சேமிப்பு. ஒவ்வொரு சீரத்தையும் அரை மில்லி வீதம் மூன்று குப்பிகளில் பிரித்து, இரண்டை ஒரு ஃபிரீசரிலும் ஒன்றை வேறு கட்டடத்து ஃபிரீசரிலும் வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்த பிறகு பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் இங்கே நோய் கூடும் மாதங்கள், புயல் வரும் மாதங்களும் அவையே. ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குவது என்பதைப் பெயர் போட்டு எழுதி ஒட்டி வையுங்கள். கூடவே ஒவ்வொருவரிடமும் வடிதாளில் இரண்டு ரத்தப் பொட்டு எடுத்து உலர்த்தி வைத்தால், ஃபிரீசர் போனாலும் ஆய்வு போகாது.

ஒப்புதல் படிவம் பேச்சுக்குப் பக்கத்தில் உள்ள தமிழில் இருக்கட்டும். 'தங்கள் குருதி மாதிரி சேகரிக்கப்பட்டு' என்று எழுதுவதைவிட 'உங்கள் கையில் ரெண்டு ஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம்' என்பது புரியும். கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரே ஆய்வுக்கு ஆள் திரட்டியிருந்தால் அவர் சாட்சியாக இருக்கக் கூடாது. மருந்தோ பாதுகாப்பு முறையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் கையில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு அங்கே கிடையாது.

உங்கள் பெயரை ஒழுங்குபடுத்துவது

தமிழ் விஞ்ஞானிகள் சைட்டேஷனை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். ஜர்னல் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும்.

கே. தமிழ்ச்செல்வி என்றொரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேப்பரில் கடைசிப் பெயர்க் கட்டத்தில் 'தமிழ்ச்செல்வி' என்று போட்டால் பப்மெட்டில் 'தமிழ்ச்செல்வி கே' என்று வரும். இரண்டாவது பேப்பரைக் கைடு அனுப்புகிறார், 'தமிழ்' ஒரு கட்டம், 'செல்வி' ஒரு கட்டம் என்று பிரித்துவிடுகிறார். 'செல்வி டி' ஆகிவிடும். மூன்றாவதில் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் விரித்து எழுதினால் 'கண்ணன் டி'. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒருமுறை 'இசட்-ஹெச்', இன்னொரு முறை 'எல்'. ஒரே ஆள் நான்கு பேராகிவிட்டார். நால்வரின் ஹெச்-இண்டெக்ஸும் தனித்தனியாக 1, 2 என்று நிற்கும்.

இதைச் சரிசெய்யும் வேலை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடியும்:

1. பெயரின் ஒரே வடிவத்தை, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு, இன்றே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே அதிக பேப்பர் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றாதீர்கள்.
2. ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுங்கள். 16 இலக்கம், இலவசம், 2012 முதல் இருக்கிறது. பழைய பெயர் வடிவங்கள் எல்லாவற்றையும் அதில் 'வேறு பெயர்கள்' பகுதியில் சேருங்கள். இனி எந்த ஜர்னலுக்கு அனுப்பினாலும் இந்த எண் இல்லாமல் அனுப்பக் கூடாது.
3. ஸ்கோபஸ் என்ற சைட்டேஷன் தரவுத்தளத்தின் இலவச ஆசிரியர் தேடலில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, சிதறிக் கிடப்பவற்றை ஒன்றாக்கச் சொல்லித் திருத்த வேண்டுகோள் கொடுங்கள். சந்தா வேண்டியதில்லை.
4. கூகுள் ஸ்காலரில் பக்கம் தொடங்கியதும், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் 'குமார்', 'செல்வி' என்று முடியும் ஊர்பட்ட பேரின் பேப்பர்கள் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும். அடுத்தவர் பேப்பரோடு விண்ணப்பித்துத் தேர்வுக் குழுவில் மாட்டிக்கொள்வது பெரிய அவமானம்.
5. விட்வான் என்ற இந்திய ஆய்வாளர் விவரத் தளத்திலும் பதிந்து ஆர்க்கிட்டோடு இணையுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதைத்தான் பார்க்கின்றன.

நிறுவனத்தின் பெயருக்கும் இதே விதிதான். ஒரே கல்லூரியை ஒருவர் 'அரசு' சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் எழுதினால் இரண்டு நிறுவனம் ஆகிவிடும். துறைத் தலைவர் ஒரே வரியை முடிவு செய்து அறையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

தொடர்பு மின்னஞ்சல் சின்ன விஷயமாகத் தோன்றும். அரசு மருத்துவர்களுக்கு இடமாறுதல் வரும், ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நிறுவன முகவரி மூடப்படும். மூன்று ஆண்டு கழித்து மெட்டா-அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு) செய்கிறவர் ஒரு எண் கேட்டு எழுதும் கடிதம் உங்களுக்கு வந்தே சேராது. வாழ்நாள் முழுக்க வைத்திருக்கப் போகும் ஒரு முகவரியைக் கொடுங்கள்.

மற்றவர் எடுத்தாளும்படி எழுதுவது

தலைப்பில் நோய், யாரிடம், எந்த முறையில், எங்கே என்ற நான்கும் இருக்கட்டும். சுருக்கத்தில் எண்ணை எண்ணாகக் கொடுங்கள். 'கணிசமானோருக்குத் தொற்று' என்றால் யாருக்கும் பயனில்லை. '547 பேரில் 118 பேர்' என்றால் தொகுப்பாய்வு செய்கிறவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார். சதவீதத்தை மட்டும் கொடுத்து எண்ணிக்கையை மறைக்கும் அட்டவணையால் விலக்கப்படும் பேப்பர்கள் ஏராளம். வயது, பால், தொழில், மாதம் என்று பிரித்த அட்டவணையை இணைப்பாகவாவது கொடுங்கள்.

கள ஆய்வுக்கு ஸ்ட்ரோப், மருந்துச் சோதனைக்கு கன்சார்ட், தொகுப்பாய்வுக்கு ப்ரிஸ்மா என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் இலவசமாக உள்ளன. எழுதி முடித்தபிறகு நிரப்பாமல், எழுதும் முன்னரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர், முகவரி நீக்கிய தரவுக் கோப்பை ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் அதற்கே ஒரு டி.ஓ.ஐ. (நிரந்தர இணைய அடையாள) எண் கிடைக்கும், தரவையே மேற்கோள் காட்டலாம். இருபது வீடு உள்ள தெருவில் 'வயது 74, பெண், யானைக்கால்' என்றால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வட்டாரத்தோடு நிறுத்துங்கள், வயதை ஐந்து ஆண்டு இடைவெளியாக்குங்கள். மரபணு வரிசை எடுத்திருந்தால் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் போட்டு, எடுத்த மாதமும் மாவட்டமும் சேர்த்து எழுதுங்கள்.

ஜர்னல்

உங்கள் நோயில் வேலை செய்கிறவர்கள் படிக்கும் ஜர்னலே நல்ல ஜர்னல். 1913 முதல் வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், கொசு, உண்ணி சார்ந்தவற்றுக்கு ஜர்னல் ஆஃப் வெக்டர் போர்ன் டிசீசஸ், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கு 2007-இல் தொடங்கிய பி.எல்.ஓ.எஸ். இதழ் என்று பார்க்கலாம். கடைசியாகச் சொன்னதில் வெளியீட்டுக் கட்டணம் உண்டு. அனுப்பும் முன்பே கட்டண விலக்குக்கு எழுதிக் கேளுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்பது எடுபடாது.

'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் சிறப்பான பணியைக் கண்டோம், ஏழு நாளில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். சந்தேகமான ஜர்னலை மூன்று இடத்தில் பாருங்கள்: ஸ்கோபஸின் இலவச இதழ்ப் பட்டியல், அமெரிக்க தேசிய மருத்துவ நூலக அட்டவணையில் 'மெட்லைனில் தற்போது உள்ளது' என்ற வரி, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு டி.ஓ.ஏ.ஜே. என்ற பட்டியல். ஜர்னலின் சொந்த இணையதளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரைகளை நம்பக் கூடாது. பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 'கேர்' என்ற தன் அங்கீகரித்த ஜர்னல் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. 'கேர் அங்கீகாரம்' என்பதை இன்னும் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து பணம் கேட்கும் இடத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

படிக்கக் கிடைக்காத பேப்பரை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். அனுப்பும் நாளிலேயே மெட்ஆர்கைவ் அல்லது பயோஆர்கைவ் தளத்தில் முன்பதிப்பு (ரிவ்யூவுக்கு முந்தைய வடிவம்) போடலாம். பெரும்பாலான ஜர்னல்கள் அனுமதிக்கின்றன, ஷெர்பா ரோமியோ என்று முன்பு அழைக்கப்பட்ட 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் பேப்பரைப் படிக்க, 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் நூலகர் பதிவு செய்யவில்லை என்று பொருள், போய்க் கேளுங்கள்.

எண்ணை எப்படிக் கணக்கிடுவது, எப்படிப் படிப்பது

ஹெச்-இண்டெக்ஸை 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். குறைந்தது ஐந்து சைட்டேஷன் பெற்ற பேப்பர் ஐந்து இருந்தால் ஹெச்-இண்டெக்ஸ் 5, குறைந்தது ஆறு பெற்றவை ஆறு இருந்தால் 6. உங்கள் ஒன்பது பேப்பர்களின் சைட்டேஷன்கள் 42, 19, 11, 7, 5, 5, 2, 1, 0 என்று வையுங்கள். மேலிருந்து எண்ணுங்கள்: ஐந்தாவது பேப்பருக்கு 5, சரி, ஆறாவதற்கும் 5 தான், ஆறைத் தொடவில்லை. ஹெச்-இண்டெக்ஸ் 5. பத்துக்குக் குறையாத சைட்டேஷன் பெற்றவை மூன்று, ஆகவே ஐ-10 இண்டெக்ஸ் 3. மொத்தம் 92, அதில் கிட்டத்தட்ட பாதி ஒரே பேப்பருடையது. ஹெச்-இண்டெக்ஸ் அதைக் காட்டாது. 42 என்பது 420 ஆனாலும் ஹெச்-இண்டெக்ஸ் 5-லேயே நிற்கும். வயதோடு கூடும், குறையவே குறையாது. அதனால் முப்பது வயதுக்காரரையும் ஐம்பத்தைந்து வயதுக்காரரையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றும் மூன்று எண் சொல்லும். கூகுள் ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணுவதால் எப்போதும் கூடுதல். விண்ணப்பத்தில் எண்ணோடு எந்தத் தளம், எந்தத் தேதி என்று சேர்த்தே எழுதுங்கள்.

இம்பாக்ட் ஃபாக்டர் ஜர்னலுக்கு உரியது, உங்களுக்கு உரியதல்ல. ஒரு ஜர்னல் 2022, 2023-இல் வெளியிட்ட 240 கட்டுரைகளுக்கு 2024-இல் 480 சைட்டேஷன் வந்தால் 2.0. அந்த 480-இல் பெரும்பகுதி நான்கைந்து கட்டுரைகளுக்கே வந்திருக்கும். கோவிட் காலத்தில் இந்த எண் என்ன ஆட்டம் ஆடியது என்பதை லான்செட் மருத்துவ இதழைப் பார்த்தால் தெரியும்: 2020-இல் சுமார் 79, 2021-இல் 203, 2023-இல் 98. அந்த ஆண்டுகளில் கோவிட் பேப்பர் எழுதியவர்களின் சைட்டேஷனும் அப்படியே எகிறியது. தொற்றுநோய்க்காரர் ஒருவரின் கணக்கை மதிப்பிடும்போது ஆண்டுவாரியான பட்டை வரைபடத்தைப் பாருங்கள். 2020 முதல் 2022 வரை மட்டும் மலைபோல எழுந்து பிறகு தரைமட்டம் என்றால் ஒரு பொருள். ஒரு நோயில் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறினால் வேறு பொருள்.

நோய்க்கு நோய் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கையே வேறு. எச்.ஐ.வி.க்கு உலகம் முழுக்க எழுதுகிறார்கள், யானைக்காலுக்குச் சிலர்தான். இதைச் சமன்செய்ய ஐசைட் என்ற இலவசத் தளத்தில் உங்கள் பப்மெட் எண்களைப் போட்டால் ஆர்.சி.ஆர். என்ற ஒப்பீட்டு சைட்டேஷன் விகிதம் கிடைக்கும். 1.0 என்றால், அதே துறையில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) நிதியில் வந்த நடுத்தரப் பேப்பருக்குச் சமம். யானைக்கால் பேப்பர் ஒன்று 12 சைட்டேஷனோடு 1.5 காட்டலாம், விண்ணப்பத்தில் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

எண்ணுக்குள் அடங்காத தாக்கமும் உண்டு. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காலராக் கிருமியின் நச்சைக் கண்டறிந்து நேச்சரில் எழுதினார். முயல் குடலைக் கட்டிச் சோதிக்கும் முறையை 1953-இலேயே வெளியிட்டிருந்தார். சில ஆண்டுகள் அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று காலரா ஆராய்ச்சியின் அடிக்கல் அதுதான். சைட்டேஷன் கணக்கையே உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு, டே மறைந்த மறு ஆண்டு, 1986-இல், அவருடைய தாக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகிறது என்று 1959-இல் காட்டியது; உலகமே சிகிச்சையை மாற்றிக்கொண்டது. ஆகவே உங்கள் ஆய்வு சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையிலோ, சிகிச்சை நெறிமுறையிலோ, உலக சுகாதார நிறுவன ஆவணத்திலோ எடுத்தாளப்பட்டால், பக்க எண்ணோடு ஒரு கோப்பில் சேர்த்து வைத்து விண்ணப்பத்தில் எழுதுங்கள். யாரும் உங்களுக்காக அதைத் தேடப் போவதில்லை.

செய்யக் கூடாதவை

துறைத் தலைவர் என்பதற்காகவே பெயர் சேர்ப்பது இங்கே மரியாதையாகவே ஆகிவிட்டது. ஆய்வில் உண்மையான பங்கு, எழுத்தில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு – இந்த நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். பேப்பர் திரும்பப் பெறப்பட்டால் அந்தப் பெயரும் சேர்ந்தே விழும் என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலோர் நன்றியுரையோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதிப்பார்கள்.

தன் பேப்பரைத் தானே சுட்டுவதில் தப்பில்லை, முந்தைய முறையைத் தொடரும்போது தேவையும்கூட. சம்பந்தமே இல்லாத இடத்தில் பத்துச் சொந்தப் பேப்பரைச் செருகுவதும், 'நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்' என்று நாலு கல்லூரி சேர்ந்து செய்வதும் தளங்களில் உடனே தெரிந்துவிடும். ரிவ்யூ செய்யும்போது தன் பேப்பரைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவதும் அதே ரகம். மேற்கோள் பட்டியலை ஜோட்டெரோ மென்பொருளில் வைத்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதையாவது சுட்டியிருந்தால் சிவப்புக் குறி காட்டும். அனுப்பும் முந்தின நாள் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆண்டுக்கொரு முறை

அறுவடை முடிந்து களவேலை ஓய்ந்திருக்கும் மாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆர்க்கிட்டில் புதிய பேப்பர்கள் ஏறியிருக்கின்றனவா, ஸ்கோபஸில் மறுபடி இரண்டாகப் பிரிந்திருக்கிறீர்களா, ஸ்காலர் பக்கத்தில் அடுத்தவர் பேப்பர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று தளத்தின் எண்களையும் தேதியோடு ஒரு தாளில் குறியுங்கள். யார் உங்களைச் சுட்டியிருக்கிறார்கள் என்பதில் குறைந்தது பத்தைத் திறந்து படியுங்கள். முறைக்காகவா, எண்ணுக்காகவா, தவறென்று சொல்லவா என்பது படித்தால்தான் தெரியும். தவறென்று சொல்லியிருந்து அது உண்மையாகவும் இருந்தால் ஜர்னலுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புங்கள்.

இடமாறுதல் உத்தரவு வந்துவிட்டால், கிளம்பும் முன் ஃபிரீசர் பெட்டிகளின் பட்டியல், தரவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் எழுதிய குறியீட்டுத் தாள், ஒப்புதல் படிவங்கள் இருக்கும் அலமாரியின் சாவி ஆகிய மூன்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு முதன்மை ஆய்வாளர் மாற்றக் கடிதமும் அதே வாரத்தில் போக வேண்டும்.